ழகரத்தில் குத்திய கம்பி

கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு பேசிப் பழகினால் நாக்கு சுத்தமாகும் என்று சொன்னவர் வாட்ச்காரர். வேறு யாருமில்லை, டிக்கெட்டக்காவின் கணவர்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஓர் ஆள் உட்கார்ந்தால் இன்னோர் ஆள் நிற்க முடியாத கடையில் இருபது வருடமாகக் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். உலகத்தில் உள்ள எல்லாச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு யோசனை தயாராக இருக்கும். அதில் பாதி கடிகாரத்துக்கு மட்டும்தான் பொருந்தும் என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

"பல்லுல கம்பி இருக்கேங்க, கல்லைப் போட்டா ஒண்ணும் ஆகாதா?" என்று அவளும் கேட்கத்தான் கேட்டாள்.

"நாக்கு மேல வச்சுக்கோ. பல்லு பக்கமே போகாது" என்றார், கல்லிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிட்ட மாதிரி.

காலை ஏழரை மணி. பதினொரு மணிக்குப் பேருந்து நிலைய அறிவிப்பாளர் வேலைக்குப் பரீட்சை. சமையலறை ஜன்னலோரம் நின்று, கல்லை நாக்கில் வைத்துக்கொண்டு, "ஏழாவது மேடை, ஏழாவது மேடை" என்று ஐந்து முறை சொன்னாள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் வந்தது. ஆறாவது முறை கல் இடப்பக்கமாக நழுவியது. தொண்டைக்குள் போய்விடுமோ என்று பயந்து அதைப் பிடிக்கப் போனவள் நறுக்கென்று கடித்துவிட்டாள். டக் என்று ஒரு சத்தம். கையில் துப்பிப் பார்த்தால், கூழாங்கல்லுக்குப் பக்கத்தில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளித் துண்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லில் ஒட்டியிருந்த பிராக்கெட் பெயர்ந்து வந்துவிட்டது.

"ஐயோ, போச்சு!" என்று கத்தினாள். கத்துவதற்கு நாக்கு அசைந்ததுதான் தாமதம், தன்னைப் பிடித்திருந்த பிராக்கெட் போன தைரியத்தில் கம்பியின் முனை வெளியே வந்து நாக்கின் ஓரத்தில் நறுக்கென்று குத்தியது.

அந்தப் பேருந்து நிலையத்தில் அவளை எல்லாரும் டிக்கெட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் நம்பர் ஜன்னலில் பத்தொன்பது வருடமாக டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறாள். ஆனால் அவள் செய்த வேலை டிக்கெட் கொடுப்பது மட்டுமா? ஒலிபெருக்கியில் ஒரு அறிவிப்பு கொரகொரவென்று வந்து முடியும். முடிந்ததும் பெட்டியும் பையுமாக ஒரு கூட்டம் அவள் கண்ணாடி முன்னால் வந்து நிற்கும். "அக்கா, இப்ப என்ன சொன்னாங்க?" அவள் திருப்பிச் சொல்வாள். அடுத்த ஆளுக்கும் சொல்வாள். காது மந்தமான பெரியவருக்கு விரலைக் காட்டிச் சொல்வாள். பத்தொன்பது வருடமும் இதே கதை. ஒருநாள் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திருப்பிச் சொல்கிற வாயை முதலிலேயே மைக் முன்னால் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆறு வருடத்துக்கு முன்னால் அறிவிப்பாளர் வேலை காலியானபோது அவளும் எழுதிப் போட்டாள். குரல் நல்ல குரல்தான். ஆனால் முன்பல் நான்கும் முன்னால் துருத்திக்கொண்டு, நடுவில் சந்து விட்டு நின்றன. 'ச' வந்த இடத்திலெல்லாம் மைக்கில் விசில் அடித்தது. பரீட்சை வைத்தவர்களில் ஒருவர், "என்னம்மா, குக்கர் வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அப்புறம் நாலு வருடம் யோசித்து, நாற்பத்திரண்டாவது வயதில் பல்லுக்குக் கம்பி போட்டாள். அதுவும் வெளியே தெரியாமல் பல்லுக்கு உள்பக்கமாகப் போடுகிற கம்பி. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள் முகத்தைத்தானே நாள் முழுக்க எல்லாரும் பார்க்கிறார்கள்? மேல்மாடியில் இருக்கிற நாத்தனார் ஓவிய டீச்சர், வாய்த்துடுக்குக்காரி. "அண்ணி, வாசலுக்குக் கேட் போடுறவங்களைப் பார்த்திருக்கேன், உள்பக்கமா போடுறவங்களை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று சிரித்தாள். முதல் மூன்று மாதம் உள்கம்பியில் நாக்கு இடித்து இடித்து ஒரு சொல்லும் உருப்படியாக வரவில்லை. கண்ணாடியில் எச்சில் சாரல் அடித்தது. டிக்கெட்டக்கா விடவில்லை. நாக்குக்குப் புதுப் பாதை பழக்கினாள். விசில் நின்றது. பல் வரிசைக்கு வந்தது. மைக்கில் இருந்தவரும் ஓய்வு பெற்றார்.

ஆனால் விதி ஒன்று இருந்தது. நாற்பத்தைந்து வயது நிறைந்துவிட்டால் அந்தப் பரீட்சைக்கு உட்கார முடியாது. அவளுக்கு நாற்பத்தைந்து நிறைய ஒன்பது நாள்தான் பாக்கி. இன்றைக்கு விட்டால் இந்த ஜன்மத்தில் அந்த நாற்காலி கிடையாது. இன்றைக்குப் பார்த்தா இந்த மனிதர் கூழாங்கல் யோசனை சொல்ல வேண்டும்!

"ஏயு" என்றாள்.

வாட்ச்காரர் திருதிருவென்று விழித்தார். "என்னது?"

"ஏயு... ஏயாவது..." ழகரம் வரவில்லை. நாக்கை மடக்கி மேலே கொண்டுபோனால்தானே ழகரம்? மடக்கும்போதெல்லாம் கம்பி குத்தியது. நாக்கு பயந்துபோய்ப் பாதி வழியிலேயே கீழே இறங்கிவிட, ழகரம் இருக்க வேண்டிய இடமெல்லாம் யகரம் வந்து உட்கார்ந்தது.

"பரவால்ல, அழாத" என்றார் அவர். "ஏழுன்னு எங்கெல்லாம் வருதோ அங்கெல்லாம் ஆறுக்கு அடுத்ததுன்னு சொல்லிடு."

"அப்ப கியக்குக்கு?"

"சூரியன் வர்ற பக்கம்னு சொல்லேன்."

அவள் பார்த்த பார்வையில் மனிதர் வாயை மூடிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கோபத்தை அடக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை, பல்தானே பிரச்சினை. அழுகையும் ஆத்திரமுமாக, கிளினிக்கில் கொடுத்திருந்த அவசர எண்ணுக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்க, நர்ஸ் பேசுறேன்."

"நர்சம்மா, நான் டிக்கெட்டக்கா. பிராக்கெட் வியுந்துடுச்சு."

"முழுங்கிட்டீங்களா?"

"இல்ல, வியுந்துடுச்சு!"

"பதறாதீங்க. முழுங்கினதுக்கப்புறம் இருமல் இருக்கா? மூச்சு முட்டுதா?"

"நான் முயுங்கவே இல்லம்மா! வியுந்துச்சு, கீய வியுந்துச்சு!"

வாட்ச்காரர் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார். "முழுங்கல, விழுந்துச்சு. இதோ கையில இருக்கு. பதினொரு மணிக்கு மைக்ல பேசற பரீட்சை வேற இருக்கு."

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா? எனக்கு உயிரே போயிட்டு வந்தது. நெஞ்சுக்குள்ள போயிருந்தா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்."

"அதைத்தான சொல்யிட்டு இருக்கேன்" என்று பக்கத்திலிருந்து அவள் முனகினாள். பதற்றத்தில் லகரமும் சேர்ந்து ஓடிப்போயிருந்தது.

"எதைக் கடிச்சீங்க?" என்று கேட்டாள் நர்ஸ்.

 "கூழாங்கல்" என்றார் வாட்ச்காரர், மெதுவாக.

"கல்லா? எலும்பு கேட்டிருக்கேன், ஐஸ்கட்டி கேட்டிருக்கேன், ஒருத்தர் பேனா மூடியைக் கடிச்சிட்டு வந்தாரு. கல்லு இதான் முதல் தடவை. யாரு சொன்னது?"

டிக்கெட்டக்கா கணவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சரி, அது போகட்டும். டாக்டர் வெளியூர்ல இருக்காரு, சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வருவாரு. அதுவரைக்கும் நம்மளே சமாளிச்சுக்கலாம், நான் லைன்லயே இருக்கேன். முதல்ல அந்த பிளையரைக் கீழ வைங்க."

வாட்ச்காரர் கையில் நிஜமாகவே பிளையர் இருந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கம்பி குத்துதுன்னு போன் வர்ற வீட்ல எல்லாம் யாராவது ஒருத்தர் கையில பிளையர் இருக்கும் சார். வெட்டின துண்டு தொண்டைக்குள்ள போனா என்ன பண்ணுவீங்க? வெட்ட வேணாம், வளைச்சு இழுக்கவும் வேணாம். பிராக்கெட்டை ஒரு டப்பால பத்திரமா போட்டு வைங்க. அக்கா, நீங்க வெதுவெதுப்பான தண்ணில உப்பு போட்டு வாய் கொப்புளிங்க. ரப்பர் வச்ச பென்சில் இருக்கா வீட்ல? அந்த ரப்பரால கம்பியைப் பல்லோட அழுத்திப் படுக்க வைக்கணும்."

கத்தல் கேட்டு அதற்குள் நாத்தனார் மாடியிலிருந்து ஓடி வந்திருந்தாள். பென்சில் என்ற சொல் காதில் விழுந்ததும் திரும்ப ஓடினாள். கேலி பேசுகிற வாய்தான், ஆனால் ஆபத்துக்கு முதல் ஆளாக நிற்கிற கால். "அண்ணி, புதுசு. ரப்பர் பேப்பரைத் தொட்டதே இல்ல" என்று மூச்சு வாங்கக் கொண்டுவந்து, தானே வெந்நீரில் கழுவியும் கொடுத்தாள்.

அப்புறம் நடந்தது பார்க்க வேண்டிய காட்சி. டிக்கெட்டக்கா நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்கிறாள். நாத்தனார் செல்போன் வெளிச்சத்தை அடிக்கிறாள். வாட்ச்காரர் கடிகாரம் பார்க்கிற கண்ணாடியை ஒரு கண்ணில் செருகிக்கொண்டு, கையில் பென்சிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு குனிகிறார். மயிரிழை மாதிரி இருக்கிற கடிகாரச் சுருள்வில்லை எடுத்து வைக்கும்போது ஆடாத கை, பெண்டாட்டியின் வாய்க்குள் போனதும் கிடுகிடுவென்று ஆடியது.

"ஏங்க, கை ஆடுது!"

"பேசாத. வாய் ஆடுது."

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கு உன்னைவிடப் பயமா இருக்கு" என்றார். அவர் கண்ணில் நீர் தளும்பியதைக் கண்ணாடி பெரிதாக்கிக் காட்டியது. "நான்தானே வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம கல்லு யோசனை சொன்னேன்."

அவளுக்கு அதற்கு மேல் அவரைத் திட்ட மனம் வரவில்லை. "சரி, குத்துங்க" என்றாள்.

முதல் தடவை பென்சில் வழுக்கியது. இரண்டாவது தடவை கம்பி அசைந்தது, ஆனால் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது தடவை ரப்பர் முனையால் மெல்ல அழுத்தி, கம்பியைப் பல்லோடு பல்லாகப் படிய வைத்துவிட்டார். "படுத்துடுச்சு!" என்றார், தொட்டிலில் பிள்ளையைத் தூங்க வைத்தவர் மாதிரி கிசுகிசுப்பாக.

"இப்ப மெழுகு" என்றாள் போனில் நர்ஸ். "முனையை மூடி வைக்க, கம்பி போட்டப்ப சின்ன டப்பால ஒரு மெழுகு குடுத்தோமே, இருக்கா?"

"மெயுகு இருக்கு, மெயுகு இருக்கு!"

பட்டாணி அளவு கிள்ளி உருட்டி வைத்தார்கள். விழுந்தது. இன்னொன்று வைத்தார்கள். அதுவும் விழுந்தது. மணி எட்டேகால் ஆகிவிட்டது. 

"பல்லைத் துடைச்சீங்களா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"துடைக்கணுமா?" என்றாள் நாத்தனார்.

"ஈரத்துல மெழுகு எப்படி ஒட்டும்? பஞ்சு வச்சு எச்சிலை ஒத்தி எடுங்க. அக்கா, வாயால மூச்சை உள்ள இழுங்க, அந்தக் காத்துலயே காய்ஞ்சிடும். காய்ஞ்சதும் உருண்டையை வச்சு, விரலால அஞ்சு எண்ற வரைக்கும் அழுத்திப் பிடிங்க."

ஒத்தினார்கள், இழுத்தாள், அழுத்தினார்கள். ஐந்து எண்ணினார்கள். நாத்தனார் பயத்தில் பத்து வரைக்கும் எண்ணினாள். டிக்கெட்டக்கா எழுந்து நின்று, தண்ணீரைக் கொப்புளித்துத் துப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏழு."

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றது போன்.

"ஏழு! வாழைப்பழம்! கிழவன்! கழுதை!" கடைசிச் சொல் யாருக்கு என்று வாட்ச்காரருக்குப் புரிந்தது. ஆனாலும் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் அவர்தான்.

"சந்தோஷப்படுங்க, ஆனா முழுசா நம்பிடாதீங்க" என்றாள் நர்ஸ். "பேசப் பேச எச்சில் ஊறும், மெழுகு நழுவத்தான் செய்யும். முழுங்கினாலும் ஒண்ணும் ஆகாது. கைக்குட்டைல ரெண்டு உருண்டை வச்சுக்கோங்க. ஆனா பரீட்சை அறைல உங்க வீட்டுக்காரரும் இருக்க மாட்டாரு, லைட்டும் இருக்காது. இப்பவே கண்ணாடி பார்க்காம விரலாலயே போட்டுப் பழகிக்கோங்க."

பழகினாள். குளியலறையில் நான்கு முறை, பேருந்தில் நின்றுகொண்டே இரண்டு முறை. கூட்டத்தில் ஒரு பெண் வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டு ஐந்து எண்ணுவதைப் பார்த்த பக்கத்து ஆள் இரண்டடி தள்ளிப் போனார். போகட்டும்.

அறிவிப்பாளர் அறை பேருந்து நிலையத்தின் மாடியில் இருந்தது. மூன்று பக்கமும் கண்ணாடி. குனிந்து பார்த்தால் பத்து மேடைகளும், அதில் நிற்கிற தலைகளும், ஓரத்தில் அவளுடைய மூன்றாம் நம்பர் ஜன்னலும் தெரியும். நாற்காலிக்குப் பக்கத்தில் நிலைய மேனேஜர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். பேச்சுக்குப் பஞ்சமான மனிதர். அவருக்கு ழகரம் பிறவியிலேயே கிடையாது, ளகரத்தை வைத்தே முப்பது வருடம் காலத்தை ஓட்டிவிட்டார். ஆனால் மற்றவர்கள் ழகரத்தில் தடுக்கினால் பேனா சும்மா இருக்காது.

பரீட்சை என்றால் நிஜ மைக், நிஜப் பயணிகள். அவளுக்கு முன்னால் இரண்டு பேர் படித்தார்கள். ஒரு பெண் தேனாகத்தான் பேசினாள், ஆனால் தாலாட்டுப் பாடுகிற வேகம். இரண்டாவது ஆள் வானொலியில் பாட்டு போடுகிறவர். பேருந்து கிளம்புகிற நேரத்தை நேயர் விருப்பம் மாதிரி சொல்லிவிட்டுப் போனார். இருவரும் பேசி முடித்ததும் கீழே, அவளுக்குப் பதில் வேறோர் ஆள் உட்கார்ந்திருந்த மூன்றாம் நம்பர் ஜன்னலில் கூட்டம் கூடியதை அவள் பார்த்தாள்.

அவள் முறை வந்தது. மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். பத்து வரி. அதை எழுதியவனுக்கும் அவளுக்கும் என்ன முன்பகையோ, வரிக்கு வரி ழகரம்.

"பயணிகளின் கனிவான கவனத்துக்கு. பழைய துறைமுகம் வழியாகச் செல்லும் பேருந்து ஏழாவது மேடையிலிருந்து புறப்படும்." மணி மாதிரி வந்தது. விசில் இல்லை. இரண்டாவது வரியும் வந்தது. மூன்றாவது வரியில் 'குழந்தைகளை' என்று சொல்லும்போது வாய்க்குள் ஏதோ நழுவியது. மெழுகு. துப்பவா முடியும்? விழுங்கினாள். உடனே கம்பி நாக்கில் ஏறியது.

"மயை காரணமாகத் தரை வயுக்கும்" என்று ஊர் முழுக்க ஒலிபெருக்கி சொன்னது.

கீழே நான்கு கல்லூரிப் பிள்ளைகள், "வயுக்கும், வயுக்கும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். சிவப்புப் பேனா தாளில் ஒரு கோடு இழுத்தது. டிக்கெட்டக்காவின் காது இரண்டும் கொதித்தன. ஆறு வருடத்துக்கு முந்தைய அதே சிரிப்பு. இரண்டு வருடம் வாயைக் கட்டி, வலியைப் பொறுத்து, நாக்கைப் பழக்கியதெல்லாம் இதற்குத்தானா? எழுந்து ஓடிவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மேசைத் தொலைபேசி அடித்தது. மேனேஜர் எடுத்துக் கேட்டார். முகம் மாறியது. "மூணாவது மேடைல ஒரு வண்டி அச்சு முறிஞ்சு குறுக்கே நிக்குது. மலையடிவாரம் பஸ்ஸை மாத்துறாங்க. இன்னும் ஆறு நிமிஷம்தான், அதை விட்டா சாயங்காலம்தான் அடுத்தது. இருநூறு பேர் மூணுல நிக்கிறாங்க."

"எதுக்கு மாத்துறாங்க சார்?"

"ஏளுக்கு" என்றார் மேனேஜர். சொல்லிக்கொண்டே மைக்குக்குக் கையை நீட்டினார். "நகருங்கம்மா, பரீட்சை அப்புறம் பாத்துக்கலாம். நான் சொல்லிடறேன்."

அவருடைய ஏளு அந்தக் கொரகொர ஒலிபெருக்கி வழியாகக் கீழே போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருநூறு பேரில் பாதிப் பேர், "ஏழா, எட்டா?" என்று கேட்டுக்கொண்டு மூன்றாம் நம்பர் ஜன்னலுக்கு வருவார்கள். அங்கே கேட்டுவிட்டு ஓடுவதற்குள் பேருந்து போய்விடும். மூன்றாவது மேடையில் கைத்தடியோடு ஒரு பெரியவர், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு ஒரு பெண், அவர்களெல்லாம் எங்கே ஓடுவது? அவளுக்கு வந்த பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை. மைக்கின் மேல் கையை வைத்தாள்.

"பன்னெண்டு நொடி குடுங்க சார்."

"என்னம்மா சொல்றீங்க?"

பதில் சொல்ல நேரமில்லை. மைக்கை அணைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பினாள். கைக்குட்டை முனையால் பல்லை ஒத்தினாள். ரத்தம் வந்தது, வரட்டும். நகத்தால் கம்பி முனையைத் தேடி, பல்லோடு சேர்த்துப் படுக்க வைத்தாள். வாயைப் பிளந்து காற்றை உள்ளே இழுத்தாள். உருண்டையை வைத்து அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. காலையில் மூன்று பேரும் ஒரு போனும் சேர்ந்து முக்கால் மணி நேரம் பட்ட பாடு, இப்போது பன்னிரண்டு நொடியில் முடிந்தது.

மேனேஜர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்திருந்தார். "என்ன பண்றீங்க?"

"ரிப்பேர் சார்" என்றாள். மைக்கைப் போட்டாள்.

"பயணிகளின் உடனடிக் கவனத்துக்கு. மலையடிவாரம் செல்லும் பேருந்து மூன்றாவது மேடையிலிருந்து புறப்படாது. ஏழாவது மேடையிலிருந்து புறப்படும். ஏழு. கிழக்குப் பக்கம், தண்ணீர்க் குழாய்க்கு அடுத்த மேடை, ஏழு. ஐந்து நிமிடம் இருக்கிறது, ஓட வேண்டாம். தரை வழுக்கும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். முதியவர்களுக்கு வழி விடுங்கள். மலையடிவாரம், ஏழாவது மேடை."

ழகரம் ஒவ்வொன்றும் அட்சரம் பிசகாமல் வந்தது. கம்பி வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது.

கீழே பார்த்தாள்.  முதலில் கைத்தடிப் பெரியவர் திரும்பினார். பிள்ளைக்காரப் பெண் நடந்தாள். பைகள் எழுந்தன, பெட்டிகள் உருண்டன, இருநூறு பேரும் ஒரே திசையில் நகர்ந்தார்கள். வயுக்கும் என்று சிரித்த பிள்ளைகளில் ஒருவன் பெரியவரின் மூட்டையை வாங்கிக்கொண்டான். யாரும் யாரையும் பார்த்து, "என்ன சொன்னாங்க?" என்று கேட்கவில்லை. எதிரே மாடிப்படிக்குக் கீழேயிருந்த கடையை விட்டு நடுரோட்டுக்கே வந்து, கண்ணில் செருகிய கண்ணாடியை எடுக்கக்கூட மறந்து, மாடியைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார் வாட்ச்காரர். பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டிருந்தார். மனிதர் காதில் போட்டுக்கொண்டால்தானே!

டிக்கெட்டக்கா இவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜர் தொலைபேசியை எடுத்து மூன்றாம் நம்பர் ஜன்னலைக் கூப்பிட்டார். "மலையடிவாரம் பஸ் எங்கன்னு எத்தனை பேர் வந்து கேட்டாங்க?"

அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் அவளுக்கும் கேட்டது. "யாரும் வரல சார். ஒருத்தர்கூட வரல."

அவர் தொலைபேசியை வைத்தார். மலையடிவாரம் பேருந்து ஏழாவது மேடையிலிருந்து நிரம்பி வழிய வெளியே போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். "வாய்ல ரத்தம் இருக்கு, துடைச்சுக்கோங்க" என்றார்.

துடைத்துக்கொண்டாள். ஒரு கோடு விழுந்துவிட்ட தாள் மேசையில் கிடந்தது. அதைப் பார்க்காமல் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். "அப்ப நான் வரேன் சார். ஜன்னல்ல ஆள் நிக்கும்."

"உட்காருங்க."

"இன்னும் படிக்கணுமா சார்?"

"பதினொன்னே முக்கால் பஸ் வரப் போகுது. யாரு சொல்றது?"

அவள் தயங்கி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இன்றைக்கு ஆள் இல்லாத குறைக்கு ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறாரோ என்று பட்டது. கேட்டுவிடுவது நல்லது. "எதுவரைக்கும் சார் உட்காரணும்?"

மேனேஜர் சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "ரிட்டயர் ஆகிற வரைக்கும்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தன. வாயை நன்றாகத் திறந்து சிரித்தாள், பல் அத்தனையும் தெரிய. அதற்குள் பதினொன்றே முக்கால் பேருந்து மேடைக்குள் திரும்பியது. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மைக்கைத் திறந்தாள்.